எல்லாருக்கும் தடை

"குழந்தையை யாரும் பார்க்க வேண்டாம். எல்லாரும் ஹாலோட நின்னுக்குங்க."

அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தம்பியின் குழந்தை. குறைமாதத்தில் பிறந்து, முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது.

"போன வாரம் வாயைத் திறங்கன்னே, திறந்தோம். பஞ்சுக் குச்சியை விட்டுத் தொண்டையை நோண்டினே, குமட்டிக்கிட்டு நின்னோம். இன்னும் என்னடி?"

சின்னம்மாவுக்குத்தான் கோபம் அதிகம். தனக்கென்று குழந்தை இல்லாதவள். கையில் அவளே பின்னிய குட்டித் தொப்பி.

"கிருமி லேப்ல வேலை பார்த்தா, சொந்தக்காரங்க எல்லாம் கிருமியா தெரிவாங்க போல" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள்.

சின்னம்மா சிரிக்கவில்லை. "பெத்தவளே பேசாம இருக்கா. இவளுக்குப் படிச்ச திமிரு!"

அக்கா தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டாள். "துவைச்சுப் போட்டு விடறேன், சின்னம்மா."

"ஓ, அதுவும் அழுக்கா!"

தம்பி அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனான்.

"மானம் போகுதுக்கா. ரிசல்ட் என்னதான் வந்துச்சு?"

"ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் சுத்தம்."

"அந்த ஒருத்தருக்கு?"

"ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கற தொண்டைக் கிருமி. லேப் தட்டுல வளர்த்து மருந்து வில்லையை வெச்சா, சுத்தி ஒண்ணும் முளைக்கக் கூடாது. இது வில்லையை ஒட்டியே வளர்ந்திருக்கு. உள்ள வர்ற மருந்தை வெளியே தள்ளிடற ஜீன் இதுகிட்ட இருக்கு. பக்கத்துக் கிருமிக்கும் அந்த ஜீனைக் கொடுத்துடும். தொண்டை வலிக்கறப்ப எல்லாம் ரெண்டு மாத்திரை போட்டு நிறுத்திட்டா, இந்த மாதிரிதான் தப்பிச்சுத் தங்கும். உன் பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா, கேட்கற மருந்தைத் தேடறதுக்குள்ள..."



"அப்ப அந்த ஒருத்தரை மட்டும் தடுக்க வேண்டியதுதானே? எல்லாரையும் எதுக்குப் பகைச்சுக்கறே?"

"எல்லாரையும் தடுத்தா என் மேல கோபம் வரும். அது ஆறிடும். ஒருத்தரை மட்டும் தடுத்தா, அவங்க மனசு ஆறாது."

"யாருக்கா அது?"

அக்கா வெளியே போனாள்.

வாசலில் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய்க் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"சின்னம்மா, நாளைக்கு நான் டாக்டர்கிட்ட போகணும். துணைக்கு வர்றீங்களா? அப்படியே உங்க தொண்டையையும் காட்டிட்டு வந்துடலாம்."