தலைமாடு தாழ்ந்த கட்டில்

இரண்டு கால் பெருவிரல்களுக்கும் நடுவே சுடலைமுத்து மாஸ்டர் வந்து நின்றார்.

அவன் எழுந்திருக்கவில்லை.

கட்டிலின் தலைமாடு தாழ்ந்திருந்தது, கால்மாடு உயர்ந்திருந்தது. பல வாரங்களாக இந்த ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கிடக்கிறான். சாப்பாடு படுத்தபடி. குளியல் படுத்தபடி. மற்றதும் படுத்தபடி. ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கி, முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. விண்வெளியில் மிதக்கிறவர்களுக்கும் இப்படித்தான் உப்புமாம். அதை அங்கே போய்ப் பார்க்க ராக்கெட் வேண்டும். இங்கே பார்க்க, கட்டில் காலுக்கடியில் இரண்டு கட்டைகள் போதும்.

ஒரு தோளாவது எப்போதும் மெத்தையைத் தொட்டிருக்க வேண்டும். அதுதான் விதி. இரண்டும் எழும்பினால் தீர்ந்தது. இத்தனை வாரம் ஆராய்ச்சிக்காகக் கிடந்தவன், சும்மா கிடந்தவன் ஆகிவிடுவான்.

அதை அவன் வீட்டிலேயே செய்துகொண்டுதான் இருந்தான்.

மாஸ்டர் மகளைத்தான் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். இசக்கி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்.

"எங்கப்பா வேலை, சம்பளம் ஒண்ணும் பாக்க மாட்டாரு. அவரு வந்தா எந்திரிச்சு நிக்கியான்னு மட்டும் பாப்பாரு."

வள்ளியூரில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விசிலில் பள்ளிக்கூடத்தையே எழுப்பி நிறுத்தியவர். பெண் பார்க்க வந்த ஒருவன் எழுந்திருக்கக் கொஞ்சம் சுணங்கினான் என்று, காப்பி வருவதற்குள் திருப்பி அனுப்பியவர்.

இன்றைக்குச் சொல்லாமல் வந்திருக்கிறார்.

அவனுடைய உள்ளங்கால்கள் இரண்டும் அவர் சட்டைப் பையைப் பார்த்திருந்தன.

அறை மெல்ல அசைந்தது. ஜன்னல் திரை, தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி ஆடியது. ஒரு மேட்டின் உச்சியில் நிற்கிறவர் போல மாஸ்டர் தெரிந்தார்.

அவன் எழுந்தான். தரையில் கால் ஊன்றினான். வேட்டியை இறக்கிவிட்டுக் கைகூப்பி, "வாங்க" என்றான்.

உடம்பு மட்டும் படுத்திருந்தது.

அதற்கும் வெட்கம் வந்திருக்க வேண்டும். வலது தோள் மெத்தையை விட்டுக் கிளம்பியது.

இடது தோள் யோசித்தது.

யோசித்துக்கொண்டே இருந்தது. வலது தோள் காத்திருந்து பார்த்துவிட்டு, திரும்ப வந்து படுத்துக்கொண்டது.

"நீங்களா தம்பி ஆகாசத்துக்குப் போறது?"

"இல்ல சார். வேற ஆளு."

"பொறவு நீங்க எதுக்குப் படுத்துக் கெடக்கீக?"

"அங்க போனா எலும்பு கரையுமாம் சார். எவ்வளவு கரையும்னு எங்கிட்ட பாத்துக்கிடுதாங்க."

மாஸ்டர் கிட்டே வந்தார். அவன் கெண்டைக்காலை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்தார். ஓட்டப் பந்தயத்துக்குப் பையன்களைப் பொறுக்கியெடுத்த விரல்கள். அங்கே பிடிப்பதற்கு அதிகம் இல்லை.

விரல்களை அவர் உடனே எடுக்கவில்லை.

"எந்திரிச்சா நிக்க முடியுமா?"

"மொதல்ல தள்ளாடுமாம் சார். விழுந்திருவாங்களாம்."

"என்னைக்கு எழுப்புதாங்க?"

"புதன்கிழமை. விடிஞ்சதும்."

"ம்" என்றார். அது எந்த ஊர் "ம்" என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மாஸ்டர் திரும்பினார். பெருவிரல்களுக்கு நடுவில் அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. கதவு வரை போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

இசக்கியிடம் என்ன சொல்வது என்று அவன் மின்விசிறியைப் பார்த்தான். அது அதன் பாட்டுக்குச் சுற்றியது.

வெளியே நர்ஸிடம் அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, புதன்கிழமை வள்ளியூர்லேருந்து இங்க மொதல் பஸ் எத்தன மணிக்கு வரும்?"