ஏழாம் நம்பர் பாட்டில்

"ஏழாம் நம்பர் பாட்டிலை என்னைக் கேக்காம வெளியே அனுப்பினது யாரு?"

கறார் சார் போட்ட சத்தத்தில் லேபே கப்சிப். அவர்தான் அங்கே தலைவர். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் எதையும் மிகைப்படுத்திவிடவில்லை.

"நான்தான் சார்" என்றாள் டெக்னீஷியன்.

"எங்கே?"

"குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. அங்கே இருக்கிற பெரிய மெஷின்ல போட்டுப் பார்க்கச் சொன்னேன்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேபில் உருவான சின்னச் சோதனைப் பட்டை ஒன்று அவருடைய ஆறு வருட உழைப்பு. பச்சைக் குழந்தையின் சிறுநீரை அதில் ஒரு சொட்டு விட்டு, துளி கரண்ட் கொடுத்தால் போதும். ஆர்கானிக் அமிலம் கூடியிருந்தால் பட்டை ஒளிரும். பிறவிக் கோளாறு ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும். கோளாறு இல்லையென்றால் ஒளிராது. அதை நாளைக்குப் பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல ஆரோக்கியமான பத்துக் குழந்தைகளின் சிறுநீர் பாட்டில்கள் வேண்டியிருந்தன. லேபில் வேலை செய்பவர்களே வீட்டிலிருந்தும் உறவிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாட்டிலில் பெயர் கிடையாது, வெறும் நம்பர். எது யாருடையது என்ற பட்டியல் டெக்னீஷியனிடம் மட்டும்தான்.

ஒன்பது ஒளிரவில்லை. ஏழு மட்டும் மூன்று தடவை சோதித்தும் ஜெகஜ்ஜோதி.

"கையை ஒழுங்கா கழுவாம தொட்டிருப்பே. அதைக் கீழே ஊத்திடுன்னு நேத்தே சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க சார். மனசு கேக்கல."

"என் பட்டை பொய் சொல்லுதுன்னு ஊர் பூரா தண்டோரா போட்டுட்டியே! நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

"பட்டை பொய் சொல்லல சார். ஆஸ்பத்திரி மெஷினும் அதையேதான் சொல்லுது. அந்தக் குழந்தைக்குக் கோளாறு இருக்கு."

கறார் சாருக்குப் பகீரென்றது. கீழே ஊற்றச் சொன்னது அவரல்லவா!

"இன்னிக்கே பாலை மாத்தி, மருந்து ஆரம்பிச்சா பொழைச்சுக்குமாம் சார். டாக்டர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். காத்துக்கிட்டிருக்கார்."

"அட, அதை விட்டுட்டு இங்கே என்கூட எதுக்கு மல்லுக்கு நிக்கிறே? முதல்ல அந்தக் குழந்தையோட அப்பாகிட்ட போய்ச் சொல்லு, போ!"

"அவர்கிட்டதான் சார் சொல்லிக்கிட்டிருக்கேன்."