அமுதாவுக்குக் கதவு திறந்ததா?

“வசந்தாமணி அக்கா சொல்றது சுத்தப் பொய்ங்க! அமுதாவோட அம்மா கதவைத் தெறக்கவே இல்லீங்க!”

உஷாராணி போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த முட்டை நழுவப் பார்த்தது.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. முட்டைகளைப் பெரிசு, சிறிசு, விரிசல் என்று பிரித்து அட்டையில் அடுக்குகிற வேலை கைக்குத்தான். வாய்க்கு வேலை வேண்டுமே, அதற்குத்தான் சீரியல் கதை.

இப்போது பேச்செல்லாம் ‘பெரியவீட்டு அமுதா’. இருபது வருஷத்துக்கு முன்னால் ஊரையே அழவைத்த தொடர். அதையே புது ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். புது அமுதா ரொம்ப ஒல்லி, புது மாமியார் மருமகளைவிட இளசு என்று ஆளுக்கொரு குறை சொன்னாலும் ஒருத்தியும் பார்க்காமல் விடுவதில்லை.

முத்தாயம்மாள் ஒருத்திதான் விதிவிலக்கு. அந்த நேரத்துக்கு அவள் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பாள். மகள் நித்யஸ்ரீ போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் போர்வெல் போடும் ரிக் லாரி டிரைவர் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவளுக்குப் பேச்சும் குறைந்துபோயிற்று. தினமும் காலையில் வசந்தாமணிதான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கதை சொல்வாள்.

நேற்று வந்தது முக்கியமான கட்டம். காதல் கல்யாணம் செய்துகொண்டு போன அமுதா, புருஷனிடம் அடிபட்டு, வயிற்றில் பிள்ளையோடு அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பழைய தொடரில் அந்த அம்மா கடைசிவரை கதவைத் திறக்க மாட்டாள்.

“புதுசுல மாத்திப்போட்டாங்க முத்தாயி,” என்றாள் வசந்தாமணி. “அம்மாக்காரி சட்டுனு தெறந்துட்டா. பையை வாங்கி வெச்சுட்டு, ‘சாப்பிட்டியா சாமி’ன்னு கேட்டா பாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு.”

முத்தாயம்மாள் முட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உஷாராணிக்குத்தான் தலை சுற்றியது. நேற்று அவளும் பார்த்தாளே! சாத்திய கதவு சாத்தியபடியேதான் இருந்தது. அது போதாதென்று புது அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வேறு வந்தாள். அதைப் பார்த்து உஷாராணி முந்தானை நனைய அழுதிருந்தாள்.

“ஏனுங்கக்கா, நீங்க வேற சேனல் பாத்தீங்களா?”

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் புள்ள.”

“அப்ப நடுவுல தூங்கிப்போட்டீங்களா?”

“நீதான் தூங்கியிருப்ப.”

மறுநாளும் அதே கூத்து. டிவியில் அமுதா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். வசந்தாமணியின் கதையிலோ அம்மா அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊரு என்ன பேசும்னு அண்ணங்காரன் குதிச்சான் முத்தாயி. ‘என் புள்ள, என் ஊடு, ஊருக்கென்னடா’ன்னு ஒரே போடாப் போட்டா!”

உஷாராணிக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் போனோடு வந்தாள்.

“இருங்க, இதுலயே போட்டுக் காட்டறேன். முத்தாயக்கா, நீங்களே பாத்துச் சொல்லுங்க, யாரு பொய் சொல்றாங்கன்னு!”

போன் முத்தாயம்மாள் முகத்துக்கு நேரே போவதற்குள் வசந்தாமணி பாய்ந்து பிடுங்கினாள். முழங்கை பட்டு ஓர் அட்டை முட்டை தரையில் விழுந்து கூழானது. சூப்பர்வைசர் மயில்சாமி ஓடிவந்து அவளைக் கிழி கிழியென்று கிழித்தார். வசந்தாமணி குனிந்து கூழை வழித்துத் தள்ளினாள்.

கை கழுவப் போன இடத்தில் உஷாராணி விடவில்லை.

“ஒரு பொய்க்கு இத்தனை பேச்சு வாங்கோணுமாக்கா?”

வசந்தாமணி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“முத்தாயி மக புருசங்கிட்ட அடி தாங்காம வந்து, நாமக்கல்ல சிநேகிதி ஊட்டுல கெடக்குது. மாசமா வேற இருக்குது. ‘ஊட்டுக்கு வரட்டுமாம்மா’ன்னு போன்ல கேட்டுச்சாம். இவ பதிலே சொல்லாம வெச்சுப்போட்டா. நேரா புத்தி சொன்னா கேக்கற ஆளா அவ? அதான் எனக்குத் தெரிஞ்ச வழியில சொன்னேன்.”

உஷாராணிக்குச் சுருக்கென்றது. நித்யஸ்ரீ போன அன்று, ‘இனி அவளை வாசப்படி மிதிக்க உட்டுப்போடாதீங்க’ என்று முத்தாயம்மாளிடம் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. டிவி அமுதாவுக்கு முந்தானை நனைத்ததும் இதே கண்தான்.

அதன்பிறகு ரெண்டு நாள் முத்தாயம்மாள் வேலைக்கு வரவில்லை. வந்த அன்று வசந்தாமணியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“உங்க தோட்டத்துல முருங்கைக்கீரை இருந்தா ஒரு கை கொண்டா. பாப்பா வந்திருக்குது, கேட்டுச்சு.”

வசந்தாமணி அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மயில்சாமியிடம் சொல்லிவிட்டு அப்போதே கீரைக்குக் கிளம்பிவிட்டாள்.

உஷாராணி மெதுவாக முத்தாயம்மாள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நான்தான் தப்பாப் பாத்துப்போட்டனுங்க. அமுதாவோட அம்மா கதவைத் தெறந்தது நெசந்தானுங்க.”

முத்தாயம்மாள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“பால் சொசைட்டியில டிவி இருக்குது புள்ள. அவ கதவைச் சாத்துனதை நானும் பாத்தேன்.”

உஷாராணிக்கு மறுபடி தலை சுற்றியது.

“அப்பறம் ஏனுங்க வசந்தாமணி அக்காகிட்டத் தெனமும் கதை கேட்டீங்க?”

“கதவைச் சாத்துன்னு சொல்ல நீங்க அத்தனை பேரும் இருந்தீங்க. தெறன்னு சொன்னவ அவ ஒருத்திதான் புள்ள.”