அழைப்பு வந்த கால்கள்

இந்தத் தீவின் ரிசர்வ் படைக்கு ஒத்திகை என்றால் வீட்டுச் சாமான்களுக்கும் அழைப்பு வரும். ரசம் தாளித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியை, இடுப்பில் மாட்டியிருந்த சனியன் பிடித்த இயந்திரக் கால்கள் படை கூடும் திடலுக்கே நடத்திக்கொண்டு போய்விட்டன. அடுப்பை அணைத்ததே பெரிய காரியம். அங்கே நைட்டியும் கைலியுமாக முதியவர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு சிப்பாய் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கால்களைக் கழற்றி லாரியில் ஏற்றினான்.

“ஒரு வாரந்தான், ஆன்ட்டி.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. இப்ப வீட்டுக்கு எப்படிப் போறது? டாக்சியக் கூப்பிடு.”

“டாக்சியெல்லாம் காலையிலேயே படைக்குப் போயிருச்சு, ஆன்ட்டி.”

“வீல்சேர்?”

“அதுவுந்தான்.”

மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.