ஆறு மணிச் சத்தம்

“எங்கம்மாதான் காரணம், டாக்டர்” என்றான் புகழேந்தி.

பெற்ற தாயை ஒரு மகன் இப்படிச் சொல்லிக் கேட்பது அபூர்வம். டாக்டர் முபஷ்ஷிரா நிமிர்ந்து பார்த்தார்.

பக்கத்தில் அவன் மனைவி மேகலா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வயது முப்பத்திரண்டு. பிபி நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. கிட்னி, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் குறையில்லை.

“உடம்புல கோளாறு எதுவும் தெரியல சார். நாய் துரத்தினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், பிபி ஏறும். நாய் போய்ட்டா அடங்கிடணும். இவங்களுக்கு அடங்கல. தெனமும் ஏதோ துரத்துது.”

“அதான் சொல்றேனே! ஆறு மணியானா எங்கம்மா ஆரம்பிச்சுடும். இன்னாடி டம்ளர் கழுவியிருக்கே, இன்னாடி துணி மடிச்சிருக்கேன்னு ஒரே சத்தம். நான் வேலைல இருப்பேன், தெருவே வந்து சொல்லுது. நான் ஒரு நாள் குரல் உசத்தினது கெடையாது டாக்டர். ஷூ கம்பெனில செக்கிங் வேலை எனக்கு. ஒரு தையல் விட்டிருந்தாலும் திட்ட மாட்டேன், வெரலை வெச்சுக் காட்டுவேன். வீட்லயும் அப்படித்தான். அவளையே கேளுங்க.”

மேகலா தலையாட்டினாள். அது உண்மைதான்.

ஆம்பூரில் அவர்கள் தெருவுக்கும் இதே அபிப்பிராயம்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதையாக, தங்கமான புருஷன் வாய்த்தும் மாமியார் பூவம்மாள் அவளை வாழ விடவில்லையாம்.

டாக்டர் ஒரு பிபி மெஷினைக் கொடுத்தார். “ரெண்டு வாரம் இதுல பாருங்க. காலைல, மதியம், சாயங்காலம். நம்பரைப் பார்க்காதீங்க, பார்த்தா அந்தப் பயத்துலயே ஏறும். மெஷினே நேரத்தோட பதிஞ்சு வெச்சுக்கும்.”

“ஆறு மணிக்குக் கண்டிப்பா எடுக்கச் சொல்றேன் டாக்டர். எங்கம்மா லட்சணம் தெரியட்டும்.”

“சரி, ஏழு மணிக்கும் ஒரு தடவை எடுக்கட்டும்.”

ஒரு வாரம் போனது. அதற்கு மேல் புகழேந்திக்கே பொறுக்கவில்லை. அம்மாவை அரக்கோணத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டான். பூவம்மாள் அன்றைக்கு மட்டும் சத்தம் போடவில்லை. மேகலாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

அழுதுகொண்டு நின்ற மேகலாவிடம், “இனிமே உனக்கு நிம்மதி” என்றான்.

பெண்டாட்டிக்காகத் தாயையே அனுப்பிவிட்டானே என்று தெரு மெச்சியது.

இரண்டு வாரம் முடிந்து மறுபடி வந்தார்கள். டாக்டர் மெஷினில் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார்.

“முதல் வாரம் உங்கம்மா வீட்லதானே இருந்தாங்க?”

“ஆமா டாக்டர். ஆறு மணிக்கு எகிறியிருக்குமே?”

“இல்ல சார். ஆறு மணிக்கு நார்மல். எல்லா நாளும் ஏழு மணிக்குத்தான் ஏறுது. ஞாயித்துக்கிழமை மட்டும் காலைலேர்ந்தே ஏறியிருக்கு. ஏழு மணிக்கு வீட்டுக்கு யாராவது வருவாங்களா?”

“யாரும் வர மாட்டாங்க டாக்டர். ஆறரைக்கு நான்தான் வேலை முடிஞ்சு...”

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு.

டாக்டர் அவனைக் குற்றம் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, “எனக்குப் புரியாதது ரெண்டாவது வாரம்தான். அம்மா போனப்புறம் ஆறு மணிக்கே நூத்தி அறுபதுக்கு ஏறிடுது. அது ஏன் மேகலா?” என்று கேட்டார்.

மேகலா கணவனைப் பார்க்கவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“இவர் எதுமேல வெரலை வைப்பார்னு அத்தைக்குத் தெரியும் டாக்டர். அதான் ஆறு மணிக்கே கத்திடுவாங்க. இவர் வர்றதுக்குள்ள நான் எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன்.”