சேவலுக்கு டிக்கெட்

மகள் சுபஸ்ரீயை இடுப்பில் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வந்தாள் மகேஸ்வரி. கல்வராயன் மலைக்குக் கடைசி பஸ் மூன்று மணிக்கு. இப்போதே மூன்றரை ஆகப்போகிறது.

வியாழக்கிழமைகளில் மலையிலேயே நடந்துவந்த குழந்தைகள் இழுப்பு கிளினிக்கை மூடியதிலிருந்து இதே ஓட்டம்தான். இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்ப்பதே மதியத்துக்கு மேல். பஸ்ஸை விட்டால், மூச்சுக்குத் திணறும் பிள்ளையோடு ராத்திரி பூரா பஸ் ஸ்டாண்டு கொசுவில் கிடக்க வேண்டியதுதான்.

நல்ல வேளை, பஸ் நின்றிருந்தது. உள்ளே சண்டை.

"சேவலுக்கு டிக்கெட் எடுத்தாத்தான் வண்டி கெளம்பும்" என்றார் கண்டக்டர் முருகன்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீயா உடுற இல்ல?" என்றார் பெரியண்ணன், மடியில் சேவலோடு.

"பொட்டக்கோழின்னா உட்டிருப்பேன். இது கொண்டையை ஆட்டிக்கினு கீதே."

"சரி, அஞ்சு வயசுக்குக் கம்மின்னா ஃப்ரீதானே? இதுக்கு ரெண்டுதான்."

"யாரு கண்டா? ஆதார் கார்டு கீதா?"

"எடுக்கத்தான் போனேன். ரேகை உழலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்குப் பழகிப்போச்சு. வியாழக்கிழமை ஆனால் பெரியண்ணனுக்கு எங்கிருந்தோ ஒரு வம்பு வந்துவிடும். போன வாரம் பலாப்பழம். அது லக்கேஜா, ஆளா என்று அரை மணி நேரம்.

மகேஸ்வரி சீட் பிடித்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. நமக்கு இடம் கிடைத்த பிறகு பஸ் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இன்னா மாமா, வெக்கமா இல்ல? நோவுப் புள்ளைய வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறோம். ஒரு கோழிக்காக வண்டிய நிறுத்தறீங்களே."

"கோழி இல்லம்மா, சேவல்."

ஆமாம் என்பதுபோல் சேவலும் கூவியது. பஸ்ஸே சிரித்தது. மகேஸ்வரி சிரிக்கவில்லை. பெரிய மனுஷனாம், பெரிய மனுஷன்.

அப்போது பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நர்மதா ஓடி வந்து ஏறினாள்.

"பஸ்ஸு போயிருக்கும்னு அழுதுகினே வந்தேன்க்கா" என்று மகேஸ்வரியின் பக்கத்தில் சரிந்தாள்.

பெரியண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரில நம்ம மலைப் புள்ளைங்க வேற எதனா கீதாம்மா?"

"இல்லீங்க. நாங்கதான் கடைசி."

அவ்வளவுதான். பெரியண்ணன் சேவலைக் காலடியில் விட்டார். டிரைவர் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். விசில் ஊதிய முருகன், பெரியண்ணன் காதருகே குனிந்து சொன்னது மகேஸ்வரிக்கும் கேட்டது.

"அடுத்த வாரம் ஆட்டுக்குட்டி கொண்டாங்க மாமா. நாலு காலுக்கும் சண்டை போட்டா, டாக்டரு இன்னும் லேட்டா வந்தாக்கூட சமாளிச்சிக்கலாம்."