முனகாத வண்டி

அரியலூர்ப் பட்டறையில், பள்ளி மானேஜருடைய பிக்கப் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான் சவரிமுத்து. அவன் மனைவி அமலோற்பவம் அந்தப் பள்ளியின் டீச்சர்.

“கொஞ்ச நாள் கழிச்சு மாத்துங்களேன்” என்றாள்.

“ஏன்? வண்டி ஏரிக்கரையில முனகினாத்தான் தூங்குற டீச்சர் முழிச்சுக்க முடியுமோ?”

அவளும் சிரித்து வைத்தாள். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும். கணவனிடம்கூடச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பாடத்தின் நடுவே நிமிர்ந்தாள். வாசலில் மானேஜர். வண்டி வந்ததே தெரியவில்லை.

சேரிப் பிள்ளைகள் வெளியே மரத்தடியில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் கட்டளை. வண்டியின் முனகல் கேட்டால் மட்டும் அவர்கள் அங்கே ஓடுவார்கள். மற்ற நேரமெல்லாம் உள்ளேதான், எல்லாரோடும் கலந்து. இப்போதும் அப்படித்தான் இருந்தார்கள்.

மானேஜர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்.

“சேரிப் பசங்க ஒருத்தனும் வரலையா, டீச்சர்?”

அவள் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டை மூடினாள்.

“நல்லதாப் போச்சு. இன்னிக்குத்தான் பள்ளிக்கூடம் பாக்க லட்சணமா இருக்கு” என்றவர், முன்வரிசையில் இருந்த சேரி இருசம்மாள் மகனின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.